மட்டக்களப்பில் பழைய கம்ப்யூட்டரை வைத்து, மாதக் கட்டணம் இல்லாமல் டிஜிட்டல் டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் முடியுமா?

முடியும். ஆனால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிவிபி-டி2 யூஎஸ்பி குச்சியை (கூரை அன்டெனாவின் டிஜிட்டல் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) மட்டும் வாங்கிவிடாதீர்கள். இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற வேறொரு டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை. அதுவும் இழுபட்டுக்கொண்டே போனதால், நம் கூரை அன்டெனாவுக்கு வருவது பழைய அனலாக் தான். அந்தக் குச்சிக்கு இங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

நமக்கு வழி டிஷ் தான். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ், 93.5 பாகை கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கார்ட், ரீசார்ஜ் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஹிந்தி சனல்கள். தமிழுக்கு டிடி தமிழ் இருக்கிறது, 2024இல் பெயர் மாறிய நம் பழைய பொதிகை. தமிழ் சீரியலுக்காகத்தான் என்றால் இந்தப் பாடு தேவையே இல்லை. டிடி ஸ்போர்ட்ஸில் கிரிக்கெட், ஹிந்திப் படம் என்றால் தாராளமாக இறங்கலாம்.

வேலை முழுக்க டிஷ்ஷில்தான். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், திசைகாட்டியில் ஏறக்குறைய 123 பாகையில், 73 பாகை உயரத்தில் இருக்கிறது. கல்லடியில் நின்றால் காத்தான்குடிப் பக்கம் திரும்பி, அங்கிருந்து கொஞ்சம் கடல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்பதால் பக்கத்து வீட்டு மதில் மறைக்காது, உங்கள் வளவுத் தென்னை மறைக்கும். சாதாரண ஆஃப்செட் தட்டு (சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே இருப்பது) 50 பாகைக்குத்தான் நிமிர்ந்திருப்பதுபோலத் தெரியும், குழம்ப வேண்டாம், அதன் வடிவமே அப்படி.

பலரும் கைவிடுகிற இடம் எல்என்பி, அதாவது தட்டுக்கு முன்னால் கம்பி முனையில் இருக்கும் சிக்னல் வாங்கி. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பக்கவாட்டில் இருக்கும் செயற்கைக்கோளைப் பிடிக்கும்போது எல்என்பியை நன்றாகவே திருப்ப வேண்டிவரும். டிஷ் சரியான திசையில் இருந்தும் சிக்னல் பலம் இருக்கிறது, தரம் பூச்சியம் என்று காட்டினால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். எல்என்பியின் பிடியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே தரத்தைப் பாருங்கள். பிடித்ததும் இணைப்பியின் மேல் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள், நம் உப்புக்காற்று செப்புக் கம்பியைப் பச்சையாக்கிவிடும். மாரியில் அடைமழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். பெரிய தட்டு போட்டால் அது குறையும், அடியோடு நிற்காது.

கம்ப்யூட்டர் பக்கம் லேசு. கோர் 2 டுவோ காலத்துப் பெட்டியே போதும். டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டிவிபி-எஸ்2 கார்ட் வாங்குமுன், லினக்ஸ் கர்னலிலேயே (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தலைவலி. லினக்ஸ் வகைகளான டெபியன் அல்லது உபுண்டு போட்டு, சனல்களைப் பிடித்துப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் (Tvheadend) மென்பொருளை நிறுவி, பிரவுசரில் 9981 போர்ட்டைத் திறங்கள். எல்என்பி வகைக்கு ‘யுனிவர்சல்’ என்று கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். டிவிஹெட்எண்டோடு வரும் அலைவரிசைப் பட்டியல் பழையதாக இருக்கலாம், அப்படியென்றால் இப்போதைய எண்களைத் தேடி நீங்களே சேர்க்க வேண்டும். அப்புறம் டிவியோடு இணைத்த பெட்டியில் கோடி (Kodi) என்ற வீடியோ பார்க்கும் மென்பொருளைப் போட்டால், நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து ரிமோட்டிலேயே பதிவு செய்யலாம். இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், அட்டவணையில் கை வைக்கத் தேவையில்லை. சாதாரணத் தரச் சனல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஜிபி வரை பிடிக்கும்.

நம் நாட்டுத் தமிழ்ச் சனல்களான நேத்ரா, வசந்தம், சக்தியும் அதே பெட்டியில் வேண்டுமென்றால், அனலாக் டியூனர் உள்ள பழைய டிவி கார்ட் ஒன்றையும் சேர்த்துப் போடலாம். வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காக இருந்தால் அந்தச் செலவு வீண், செய்திகளைக் கோடியிலேயே யூடியூப் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.