‘ஆறே வீடுதான், ரெரா தேவையில்லை’ என்கிறார் பில்டர்: நம்பலாமா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னை திருவான்மியூரில், கடலிலிருந்து 200 மீட்டர் தூரத்தில், 2 கிரவுண்ட் மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு வீடுகள் மட்டும் கொண்ட ‘பொட்டீக்’ அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஒரு வீடு 1.90 கோடி. ஊரில் நிலம் விற்ற பணத்தை முதலீடு செய்யலாம் என்று 25 லட்சம் கொடுத்துவிட்டேன். கையில் இருப்பது ரசீது மட்டும். மனைக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார்; அவரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கிக்கொண்டு பில்டர் விற்கிறார். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் கேட்டால், ‘சின்ன புராஜெக்ட், தேவையில்லை’ என்கிறார். வீட்டை அவர்களே விருந்தினர்களுக்கு விட்டு, மாதம் 80,000 ரூபாய் உறுதியாகத் தருவார்களாம். பிரவுச்சரை இணைத்துள்ளேன். இறங்கலாமா?

பதில்: ஏற்கெனவே பாதி இறங்கிவிட்டீர்கள் அம்மா. மீதியில் ஒரு ரூபாய்கூட இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பில்டர் சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் சரி. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவு வேண்டியதில்லை. உங்கள் 2 கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி, ஏறத்தாழ 446 சதுர மீட்டர். வீடும் ஆறுதான்.

ஆனால் நீங்கள் அனுப்பிய பிரவுச்சரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கீழே பொடி எழுத்தில் ‘ஃபேஸ் 1’, அதாவது முதல் கட்டம், என்று போட்டிருக்கிறது. வரைபடத்தில் பக்கத்து 2 கிரவுண்டில் ‘ஃபேஸ் 2’, அதிலும் ஆறு வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நீச்சல் குளம். சட்டம் ‘எல்லாக் கட்டங்களையும் சேர்த்து’ என்றுதான் சொல்கிறது. சேர்த்தால் 12 வீடு, சுமார் 892 சதுர மீட்டர். அப்புறம் எங்கே விலக்கு? பதிவு செய்யாமல் விளம்பரம் செய்ததும், உங்களிடம் பணம் வாங்கியதும் தவறு என்று வாதாட இந்த ஒரு தாள் போதும். பதிவு செய்யாததற்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. பில்டருக்கும் இது தெரியாமல் இருக்காது.

அடுத்தது உங்கள் 25 லட்சம். பதிவு செய்த கிரைய ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. உங்கள் கணக்கில் அது 19 லட்சம். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிரைய ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ரசீது, பணம் கொடுத்ததற்குச் சாட்சி. எந்த மாடி, எத்தனை சதுர அடி, எப்போது சாவி என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கடலுக்கு வருவோம். கடல் நீர் ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். சென்னை போல ஏற்கெனவே கட்டிடங்கள் நிறைந்த பகுதியில் கட்டவே கூடாது என்பதில்லை; முறையாக ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ கட்டிடத்துக்கோ நிலப்பக்கம் கட்டலாம். ஆகவே சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதியோடு கடலோர மண்டல அனுமதியின் நகலையும் கேளுங்கள். ‘லோக்கல் அப்ரூவல் இருக்கிறது’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். கொச்சி மரடில் பஞ்சாயத்து கட்டிட அனுமதி கொடுத்துத்தான் இருந்தது. கடலோர மண்டல விதியை மீறிக் கட்டியதாக 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது; 2020 ஜனவரி 11, 12 இரண்டே நாளில் நான்கு குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக வந்தது தலா 25 லட்சம்.

முதலீடு என்கிறீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கட்டிடம் தேயும். உங்களுக்கு நிற்கப்போவது யூ.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத மனைப் பங்குதான். ஆறு வீடும் ஒரே அளவு என்றால் ஆளுக்கு 800 சதுர அடி வர வேண்டும். வரைவுப் பத்திரத்தில் ஆறு பங்கையும் கூட்டிப் பாருங்கள். 4,800 வராவிட்டால் மீதி யாரிடம் நிற்கிறது, மொட்டை மாடி உரிமையை யார் வைத்துக்கொண்டார் என்று கேளுங்கள். நீச்சல் குளம் பக்கத்து மனையில் வரைந்திருக்கிறது. உங்கள் பங்கோ முதல் மனையில். எழுத்தில் உரிமை இல்லாவிட்டால் அந்தக் குளத்தைப் பால்கனியிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

பவர் பத்திரம், மனைக்காரரும் பில்டரும் செய்துகொண்ட கூட்டு வளர்ச்சி ஒப்பந்தம் இரண்டின் நகலும் வேண்டும். மனைக்காரரிடம் வீடியோ காலில் பேசிவிடுங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவருக்குக் கட்டுமானம் நடக்கும்போதே மனைக்காரர் இறந்துவிட்டார். பவர் செல்லுமா என்று தொடங்கிய தகராறில், மூன்று வாரிசுகளும் கையெழுத்துப் போட இரண்டு வருடம் ஆனது.

80,000 ரூபாய் வாடகை? அதைத் தரும் நிறுவனம் எது, பில்டர்தானா, தராவிட்டால் என்ன பிணை என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இல்லாத பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே பில்டருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: ரெரா பதிவு எண், கடலோர மண்டல அனுமதி, பவர் நகல், வரைவுப் பத்திரம், எல்லாம் 15 நாளில் வேண்டும், இல்லையேல் 25 லட்சம் வட்டியுடன் திரும்ப வேண்டும். மழுப்பினால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். பிரவுச்சரில் சொன்னது பொய் என்றால் விலகிக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்க 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் அந்தப் பிரவுச்சரின் அசல் பத்திரமாக இருக்கட்டும். பில்டர் ‘புதுசு தருகிறேன்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.