வீட்டு வைஃபை போனில் மட்டும் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது?

கேள்வி (திருச்சி): அண்ணா, 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். படுக்கையறையில் போனில் 6, 7தான் வருகிறது. லைன்காரர்கள் ஏமாற்றுகிறார்களா?

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள் தம்பி, முதலில் இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ரூட்டர் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீட் டெஸ்ட், அப்புறம் அதே போனோடு படுக்கையறையில் ஒன்று. பக்கத்தில் 90 வந்து அறையில் 7 என்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் இருக்கும் சுவர்தான் தின்கிறது. பக்கத்திலேயே 7 என்றால் வேறொரு போனிலும் போட்டுப் பாருங்கள், அதிலும் அதேதான் என்றால் அப்போது கம்ப்ளெய்ன்ட் கொடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மூவாயிரம், நாலாயிரம் கொடுத்துப் புது ரூட்டர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

கேள்வி (அதே தம்பி): அளந்தேன் அண்ணா. ஹாலில் 92, அறையில் 6. ரூட்டர் டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது.

அப்படியென்றால் வெளியே எடுங்கள். என் சித்தப்பா வீட்டில் அது இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கிடந்தது. சிக்னல் அளக்கும் ஆப்பில் பார்த்தால் அடுப்படியில் மைனஸ் 79 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னலின் சக்தியைச் சொல்லும் அளவு, மைனஸ் எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. பீரோவைத் தாண்டி ஆறடி உயரத்தில் இரண்டு ஆணி அடித்து மாட்டினோம், அதே இடத்தில் மைனஸ் 61 ஆனது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 ஏறும்போதும் சக்தி இரட்டிப்பாகும், ஆக 18 ஏறியது என்றால் அறுபது மடங்குக்கும் மேல். செலவு இரண்டு ஆணிதான். மீன் தொட்டி, பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ் இதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். நகர்த்தும்போது ஃபைபர் வயரைச் சுள்ளென்று மடக்கிவிட வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

கேள்வி (மதுரை): தம்பி, எங்கள் வீட்டில் ஒரே பெயர் இரண்டாகத் தெரிகிறது, ஒன்றில் 5ஜி என்று போட்டிருக்கிறது. எதில் சேர வேண்டும்?

அது சிம் கார்டில் வரும் 5ஜி இல்லை அக்கா, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரூட்டர் இருக்கும் அறையிலும் பக்கத்து அறையிலும் அதில் சேருங்கள், வேகம் நன்றாக இருக்கும். ஆனால் சுவர் தாண்டத் தாண்டச் சீக்கிரம் சோர்ந்துவிடும், அங்கே 5ஜி என்று போடாத மற்றது, அதாவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். அடுக்குமாடியில் இந்த 2.4-இல் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் முட்டி மோதும், அதனால் ரூட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் இழுத்தால் காரணம் அந்த அடுப்புதான், அதுவும் அதே அலைவரிசைப் பக்கம்தான் வேலை செய்கிறது.

கேள்வி (சென்னை): ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ காலில் முகம் உறைந்துவிடுகிறது சார்.

அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் திணறும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வந்து சேர்ந்தது என்று போன் பதில் அனுப்ப வேண்டும், அந்தப் பதிலுக்கே வழி இருக்காது. பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மாடிக்கு ரிப்பீட்டர் வாங்கலாமா அண்ணா?

முடிந்தவரை வேண்டாம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் சாதா ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரின் செட்டிங்கில் டிஹெச்சிபியை, அதாவது போன்களுக்கு ஐபி முகவரி பங்கிடும் வேலையை அணைத்து, ஐபி முகவரி கீழே உள்ளதோடு மோதாமல் மாற்றி, கேபிளை அதன் லேன் போர்ட்டில் குத்துங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும்.

கேள்வி (ஈரோடு): என் போன் மட்டும்தான் ஸ்லோ, மற்றவர்களுக்கு நன்றாக வருகிறது.

விபிஎன் (இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போக வைக்கும் ஆப்) ஓடுகிறதா, பேட்டரி சேவர் போட்டிருக்கிறதா, போன் செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா, இந்த மூன்றையும் அணைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அந்த வைஃபையை போனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

கேள்வி (சேலம்): டெஸ்டில் 40 காட்டுகிறது, ஆனால் ஃபைல் நொடிக்கு 5 எம்பிதான் இறங்குகிறது.

டெஸ்டில் வருவது பிட், ஃபைலில் வருவது பைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. உங்கள் லைன் சரியாக இருக்கிறது, எதையும் கழற்றாதீர்கள்.