அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிப் பார்

போன வாரம் உன் அம்மா என்னிடம் அரை மணி நேரம் பேசினார். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் புத்தகமும் கையுமா இருக்கா சார். இருந்தும் அரியர் விழுந்திடுச்சு. இந்த நர்சிங் படிப்பே இவளுக்கு ஒத்துவரலையோ?" என்று கேட்டார். ஒத்துவரும். நீ அனுப்பிய நோட்டுப் படங்களைப் பார்த்த பிறகு இதை இன்னும் உறுதியாகவே சொல்கிறேன்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மூன்று வண்ணத்தில் அடிக்கோடு வேறு. ஆனால் எந்த நோயை எடுத்தாலும் வரையறை, காரணம், அறிகுறி, சிகிச்சை, நர்சிங் கேர் என்று ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறாய். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்த பிள்ளைகள் பலர் இதே வழியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாதி புரிந்த ஆங்கில வாக்கியத்தை அப்படியே நெட்டுருப் போட்டுப் பேப்பரில் கொட்டிவிடுகிறார்கள். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டதும் பேனா நின்றுவிடுகிறது.

உனக்கு அரியர் விழுந்த பாடத்தையே எடுத்துக்கொள். என் காலத்தில் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் என்று படித்ததைத்தான் இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் 'அடல்ட் ஹெல்த் நர்சிங்' என்று பெயர் மாற்றி மூன்றாம், நான்காம் செமஸ்டரில் வைத்திருக்கிறது. நோய் உடம்புக்குள் என்ன மாற்றம் செய்கிறது என்று சொல்லும் பேத்தோபிசியாலஜியையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறியது பெரிய விஷயமில்லை, இந்தச் சேர்க்கைதான் விஷயம். 'உடம்புக்குள் என்ன நடக்கிறது' என்று தெரியாமல் 'நர்ஸ் என்ன செய்ய வேண்டும்' என்று எழுத முடியாது என்பதுதான் அதன் பொருள்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். தினமும் ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உன் அம்மாவிடம் தமிழில் சொல். அவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கேதான் உனக்கும் புரியவில்லை.

நெஞ்சுக்குள் போடும் டியூபான ஐசிடியை எடுத்துக்கொள்வோம். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள், அவற்றுக்கு நடுவே நுரையீரலை விரித்து வைக்கும் உள்ளிழுப்பு அழுத்தம். அங்கே காற்றோ ரத்தமோ புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். அதை வெளியே எடுக்கத்தான் டியூப். வெளிக்காற்று அதே வழியாகத் திரும்பப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அதன் நுனி பாட்டிலில் 2 செ.மீ. தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது, இதுதான் வாட்டர் சீல். உன் அம்மாவுக்கு இது புரிந்துவிட்டால் மற்றதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். தானாக மூச்சுவிடும் நோயாளிக்கு மூச்சை இழுக்கும்போது தண்ணீர் மட்டம் ஏறும், விடும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நின்றால் நுரையீரல் விரிந்துவிட்டது என்றும் இருக்கலாம், டியூப் மடங்கியோ அடைத்தோ போனது என்றும் இருக்கலாம். நோயாளியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாட்டர் சீலில் விடாமல் குமிழி வந்தால் எங்கோ காற்றுக் கசிவு. பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். டியூப் பாட்டிலிலிருந்து கழன்றால் நுனியை ஸ்டெரைல் வாட்டரில் முக்கு. நெஞ்சிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஸ்டெரைல் டிரெஸ்ஸிங்கால் மூடி மூன்று பக்கம் மட்டும் ஒட்டு. நான்காவது பக்கம் ஏன் திறந்திருக்கிறது? வைவாவில் இதைத்தான் கேட்பார்கள். உள்ளே சேரும் காற்று வெளியேற வழி வேண்டும், அவ்வளவுதான்.

சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிப்போகும் ஆபத்தான நிலையான டிகேஏவும் இப்படித்தான். இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாகவே தெரியும், ஆனால் உடம்பின் இருப்பு காலி. இன்சுலின் ஏற ஏற ரத்தத்தில் மிச்சமிருப்பதும் செல்லுக்குள் போய்விடும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் பொட்டாசியம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இன்சுலின். பொட்டாசியத்தை எந்தக் காலத்திலும் ஐ.வி. புஷ்ஷாக, அதாவது நரம்பில் ஒரே வீச்சில், போடக் கூடாது, சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் தொடங்கவும் கூடாது. இந்த இரண்டையும் பரீட்சைக்காக மட்டும் சொல்லவில்லை.

தீக்காயக் கணக்கில் நல்ல மாணவிகளே சறுக்குகிறார்கள். எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் பார்க்லேண்ட் ஃபார்முலாவில் 4 மி.லி.யை எடையால் பெருக்கி, எரிந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடை, 30 சதவீதக் காயம் என்றால் 7,200 மி.லி. அதில் பாதி, 3,600 மி.லி., முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு மீதி 6 மணி நேரம்தான், ஆக மணிக்கு 600 மி.லி. பல வருடம் பேப்பர் திருத்தியவன் நான். பெருக்கலைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த இடத்தில் விட்டவர்கள்தான் அதிகம்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியதும் உண்டு. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5, ரத்தத்தின் பி.ஹெச். 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ ஸ்கோரில் அதிகபட்சம் கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தத்தில் குறைந்தபட்சம் 3 (பூஜ்யம் என்று எழுதாதே). ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பாரினுக்கு முறிவு மருந்து புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. இவற்றை ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடு, பல் தேய்க்கும்போது பார்த்தாலே போதும்.

மல்டிபிள் சாய்ஸில் நான்கு விடையும் சரி போலத் தெரிகிறது என்கிறாய். தெரியத்தான் செய்யும். கேட்பது 'எது சரி' என்றல்ல, 'எதை முதலில் செய்வாய்' என்று. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவது, பி.பி. பார்ப்பது, சிறுநீர் சாம்பிள் எடுப்பது எல்லாமே செய்ய வேண்டியவைதான். ஆனால் கை முதலில் போக வேண்டிய இடம் ரத்தத்தை நிறுத்தும் கிளாம்ப். பிறகு புது செட் மாட்டி சலைன். எது இந்த நிமிடம் உயிரைப் பறிக்கிறதோ அதைத் தடுக்கும் விடையைத் தேடு.

படிப்பு முடிந்த பிறகும் இந்தப் பாடம் உன்னை விடாது. அரசு வேலைக்கு எம்ஆர்பி, எய்ம்ஸுக்கு நார்செட், அமெரிக்கா போக என்கிளெக்ஸ் என எல்லாத் தேர்விலும் இதன் பங்கு பெரிது. நார்செட்டில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள், குருட்டுப் போக்கில் குறிக்காதே. என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலிலிருந்து ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அதன் மேல் தொடர்ந்து கேள்வி கேட்கிறது. கோச்சிங் சென்டரில் இப்போதே பணம் கட்ட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் அரியர்.

இங்கிலீஷ் பயமா? டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, ஹெமட் என்றால் ரத்தம், யூரியா (-uria) என்று முடிந்தால் சிறுநீர். இப்படி முப்பது நாற்பது துண்டுகள் தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துவிடும். வாக்கியம் சின்னதாக இருந்தால் போதும், இலக்கணத்துக்காக யாரும் உன்னை ஃபெயில் போட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குப் போன் பண்ணுகிறேன். உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. ஐசிடி பாட்டிலில் தண்ணீர் ஏன் ஏறி இறங்குகிறது என்று உன் அம்மாவிடம்தான் கேட்பேன்.