மூட்டையும் முதுகும்

வணக்கம் சார்,

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் சாஃபின் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சிமெண்ட் குடோனில் லோடுமேன். பல வருடமாக 50 கிலோ மூட்டைதான். இப்போது குனிந்தால் நிமிர முடியவில்லை. "தூக்கத் தெரிஞ்சு தூக்கணும், முட்டியை மடக்கணும்" என்று எல்லோரும் அவரையே குறை சொல்கிறார்கள். மூட்டை தூக்குவதில் ஓர் எஞ்சினியரிங் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் ஆராய என்ன இருக்கிறது? அப்பாவுக்கு அதில் பதில் உண்டா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உண்டு. அப்பா மேல் தப்பில்லை. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

சாஃபின் 1967-ல் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கி அங்கேயே தொழில்துறைப் பொறியியல் பேராசிரியரானவர். பாலத்தின் உத்தரத்தைப் பார்ப்பதுபோல முதுகெலும்பைப் பார்த்தார். நீங்கள் முதலாண்டில் படித்த ஸ்டாடிக்ஸ்தான், அசையாமல் நிற்கும் பொருளின் மேல் விழும் விசைகளின் கணக்கு. 20 கிலோ பெட்டியை இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறீர்கள். அதை ஈடுகட்டும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே தசை பத்து மடங்கு, 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அவ்வளவும் முதுகின் அடிப்பகுதியில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டின் (டிஸ்க்) மேல் இறங்கும். குனிந்த உடம்பின் எடை அதற்கு மேல்.

காகிதக் கணக்கோடு அவர் நிற்கவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து, வேலை கேட்கும் பலம் ஆளின் பலத்தை நெருங்க நெருங்க முதுகுவலி கூடுவதை 1973-ல் வெளியிட்டார். வேலைக்கு எடுக்கும் முன்பே பலத்தைச் சோதித்து ஆள் தேர்வதைப் பற்றியும் ஆராய்ந்தார். அந்த வழியில் எனக்கு உடன்பாடில்லை. பலசாலியைப் பொறுக்கினாலும் மூட்டை அதே மூட்டைதான்.

1981-ல் அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ், தூக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வட்டின் மேல் 3400 நியூட்டன் அழுத்தம், அதாவது சுமார் 350 கிலோ, வந்தாலே வேலை செய்யும் முறையை மாற்ற யோசி என்றது. எவ்வளவு தூக்கலாம் என்று கணக்கிடும் அதன் சூத்திரம் 1991-ல் திருத்தப்பட்டது. திருத்திய ஆசிரியர்களில் ஒருவர் சாஃபினோடு ஆய்வு செய்த அருண் கார்க். எல்லாம் தோதாக அமைந்தாலும் வரம்பு 23 கிலோ. அங்கிருந்து குறைந்துகொண்டே போகும்.

உங்கள் குடோனுக்கே போட்டுப் பார்ப்போம். பிடிக்கும் கை கணுக்காலிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருந்தால் 23 பாதியாகும். மூட்டை தரையில் கிடந்தால் அதை 0.775-ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 9 கிலோகூட இல்லை. திரும்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். உங்கள் அப்பா தூக்குவது 50. தலையிலோ முதுகிலோ சுமந்து நடப்பது இந்தச் சூத்திரத்துக்குள் வராது. தரையிலிருந்து எடுப்பது மட்டும்தான் வரும்.

முட்டியை மடக்கச் சொல்கிறார்களே, கைக்கடக்கமான பெட்டி இரண்டு முட்டிக்கும் நடுவில் நுழையும். சிமெண்ட் மூட்டை நுழையாது. உட்கார்ந்து எழுந்தால் முட்டியைத் தாண்டி முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டிவரும், தூரம் கூடும், வட்டின் மேல் அழுத்தமும் ஏறும். அறிவுரை சொல்கிறவர்கள் ஒருநாளாவது அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இங்கிலாந்தில் சிமெண்ட் 25 கிலோ பைகளில் விற்கிறது. இங்கேயும் விற்கலாம். அதுவரை முதலாளியிடம் கேட்கக்கூடியவை: மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்க ஒரு மேடை, தள்ளுவண்டி, லாரிக்கு ஒரு கன்வேயர். அப்பாவை முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போங்கள். கை எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில், நிமிடத்துக்கு எத்தனை மூட்டை என்று குறித்து வாருங்கள். அதுவே உங்கள் கடைசி வருட புராஜெக்ட் ஆகலாம். கணக்கில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.