உரத்தை நிறுத்திவிட்டு மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: புக்கிட் மெர்தாஜாம் பக்கம் புதுத் தாமானில் (குடியிருப்பில்) வீடு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பின்பக்கம் 12 அடிக்கு 20 அடி இடத்தில் மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி போட்டேன். மூன்று மாதமாகியும் மிளகாயும் கத்தரியும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. மிளகாயில் அடி இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. வெண்டை ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. தக்காளி இரண்டே நாளில் பச்சையாகவே துவண்டு செத்துவிட்டது. கோழி எரு ஒரு மூட்டை, அப்புறம் என்பிகே ரசாயன உரம் பச்சை, நீலம் இரண்டும் போட்டாயிற்று. இன்னும் எந்த உரம் போடலாம் ஐயா?

பதில்: ஒன்றும் போட வேண்டாம் அம்மா. செடிக்குப் பசி இல்லை, சாப்பிட வாய் இல்லை. தக்காளியின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் செபராங் பிறை வட்டாரத்தில் பழைய வயலிலும் தாழ்வான நிலத்திலும் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி எழுப்பிய தாமான்கள் நிறைய. அந்த மண் மலையை வெட்டி எடுத்த அடிமண். மக்கு கிடையாது, மண்புழு கிடையாது, புளிப்பு மட்டும் தாராளம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5-க்குக் கீழே போனால் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். நுனி போன வேரால் உரத்தை எடுக்க முடியாது. போட்ட உரம் மழையோடு சாக்கடைக்குப் போகும், மிச்சம் உப்பாகத் தங்கி வேரைச் சுடும்.

ஒரு வெண்டைச் செடியை, இழுக்காமல், சுற்றி வெட்டி மண்ணோடு தூக்கிப் பாருங்கள். ஆணிவேர் கொஞ்ச தூரம் இறங்கி, முழங்கை மடக்கியது போலத் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் கீழே ரோலர் இறுக்கிய தட்டு இருக்கிறது. அதே இடத்தில் ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணைக் குழிக்குள் மட்டும் போட்டு நட்டிருந்தால் இன்னும் மோசம். சுற்றிலும் களி, நடுவில் பஞ்சு. ஓட்டையில்லாத பானையில் நட்ட மாதிரிதான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பணத்தைத் தொலைத்தேன்.

வீட்டுச் சுவர் ஓரத்து மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கொத்தனார் புதைத்த சிமெண்டுத் தூள் இருக்கிறது. புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போடச் சொல்லப்போகிறேன், அங்கே மட்டும் போடாதீர்கள்.

மற்ற இடத்துக்கு டோலோமைட் சுண்ணாம்பு, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். உங்கள் இடம் ஏறக்குறைய 22 சதுர மீட்டர், அதனால் 5 கிலோவில் தொடங்கலாம். நீங்கள் சொல்லும் மஞ்சள் பெரும்பாலும் மெக்னீசியக் குறைவு. டோலோமைட்டில் மெக்னீசியமும் இருப்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்றரை மண்வெட்டி ஆழம் கிளறி, தட்டை உடையுங்கள். சுண்ணாம்பைக் கலந்து, மூன்றடி அகலம், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, நடுவே வாய்க்கால் விடுங்கள். கோழி எருவை அன்றே சேர்க்காதீர்கள். சுண்ணாம்போடு சேர்ந்தால் அதிலுள்ள சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டு வாரம் போகட்டும். பிறகு நன்றாக மக்கிய, நாற்றமில்லாத எரு 20 கிலோ மூட்டை இரண்டு போதும்.

சரி, தக்காளி. இலை பழுக்காமல் பச்சையாகவே துவண்டது என்றால் பாக்டீரியா வாடல் மேல்தான் எனக்குச் சந்தேகம். இன்னும் ஏதாவது செடி துவண்டு நின்றால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் சுத்தமான தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற வெள்ளை இழை நூலாக இறங்கினால் அதேதான். மருந்து இல்லை. செடியை வேர்மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்த இடத்துத் தண்ணீர் மற்ற பாத்திக்கு ஓடாமல் வாய்க்காலைத் திருப்புங்கள்.

அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், அங்கே வேண்டாம். பயற்றங்காய், சோளம், காங்கோங் கீரை போடலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்றால், சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுப்போட்ட கத்தரி இந்த நோயை நன்றாகத் தாங்கும். தெரோங் பிப்பிட் என்று மலாய்க்காரர் சொல்லும் அதே சுண்டைக்காய்தான், வேலியோரம் தானாகவே முளைத்து நிற்கும்.

இருக்கிற வெண்டையைக் காப்பாற்ற மெனக்கெடாதீர்கள், பிடுங்கிவிட்டுப் புது விதை ஊன்றுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழை பிடிப்பதற்குள் பாத்தி உயர்ந்துவிட வேண்டும். முதல் விதையாகக் காங்கோங்கைத் தூவுங்கள். மூன்று, நாலு வாரத்தில் அறுப்புக்கு வந்தால் மண் தேறிவிட்டது, மிளகாய் நாற்றை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.