அறிமுகத்துக்கு 85,000 ரூபாவா?

கேள்வி: வணக்கம் சேர். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள் நான். பதுளை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும் ஒரு நிதியத்தின் புலமைப்பரிசில் மாதம் 12,000 ரூபா வருகிறது. இன்னும் எட்டு மாதத்தில் ஆறு மாதக் கைத்தொழில் பயிற்சிக்குப் போக வேண்டும். கொழும்பில்தான் இடம் தேடுகிறேன். சீனியர் அக்காமாருக்கு மாதம் 30,000 அளவில் கொடுத்திருக்கிறார்கள். பண்டாரவளையில் ஒருவர், 85,000 கட்டினால் சான்றிதழ் கோர்ஸ் ஒன்றும் தந்து இருபது கம்பனிகளிடம் அறிமுகமும் செய்து வைப்பதாகச் சொல்கிறார். என் பேங்க் புத்தகத்தில் 48,000 இருக்கிறது. மீதிக்கு அம்மா தன் ஈ.பி.எஃப். காசை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மாவுக்கு 51 வயது. 28 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், மகள். ஒரு ரூபா கூட வேண்டாம்.

முதலில் அம்மாவின் காசு. பெண்கள் 50 வயதில் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது சரிதான். ஆனால் அதற்கு வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டும். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருந்து பேர் போனால், சம்பளத்தில் 12 வீதமாகத் தோட்டம் ஈ.பி.எஃப்.புக்குப் போடுவதும் 3 வீதமாக ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போடுவதும் அன்றோடு நின்றுவிடும். இன்னொன்றை வீட்டில் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள்: சர்வீஸ் காசு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அதுவும் கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தின் கணக்கில். 28 வருடத்துக்கு 392 நாள். 2024இல் வந்த 1,350 ரூபாவை வைத்துப் பெருக்கினாலே 529,200 ரூபா ஆகிறது. அம்மா வேலையில் இருக்கும்போது நாட்சம்பளம் 100 ரூபா ஏறினால், இந்தத் தொகை 39,200 ரூபா ஏறும். ஒரு கோர்ஸுக்காக அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு இப்போதே விலகுவது பெரிய நட்டம். 28 வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்ந்த காசு அது. அம்மாவின் முதுமைக்கு அதைத் தவிர வேறு காசு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அடுத்து, அந்த அறிமுகம். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். என் முதல் வேலைக்காக அக்காவின் சங்கிலியை அடகு வைத்து ஒருவரிடம் காசு கொடுத்தோம். அவர் என்னை அனுப்பிய நேர்முகப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த பையன் சொன்னான், அந்த விளம்பரம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்ததாம். அவன் ஒரு முத்திரைச் செலவில் வந்திருந்தான். அக்காவின் சங்கிலி திரும்பி வரவே இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு அறிமுகம் ஏற்கெனவே இருக்கிறது. புலமைப்பரிசில் என்றால் மாதக் காசு மட்டும் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்பப் பிள்ளைகளுக்கென்று காசு ஒதுக்கும் ஒரு நிதியத்தைச் சுற்றி அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களும், உங்களுக்கு முன்னால் அதே காசில் படித்து இன்று கம்பனிகளில் இருக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூச்சம். காசு தருகிறவர்களிடம் இன்னும் எதைக் கேட்பது என்று வாயை மூடிக்கொள்கிறோம். கேளுங்கள் மகள், நீங்கள் நல்ல வேலையில் சேர்வதைப் பார்க்கத்தான் அவர்கள் அந்தக் காசைத் தருகிறார்கள். இப்படி நாலு வரி எழுதினால் போதும்:

“எட்டு மாதத்தில் கைத்தொழில் பயிற்சிக்குப் போகிறேன். உங்கள் உதவியில் படித்து இப்போது மென்பொருள் துறையில் இருக்கும் இரண்டு பேரோடு அரை மணித்தியாலம் பேச வழி செய்து தர முடியுமா? பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கும் கம்பனிகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் என் விபரக்கோவையை அனுப்பி உதவுவீர்களா? பயிற்சிக் காலத்திலும் மாதக் கொடுப்பனவு தொடருமா?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஏனென்று கீழே வருகிறது.

நீங்கள் எனக்கு அனுப்பிய விபரக்கோவையைப் பற்றியும் ஒன்று. போனில் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, அம்மா ஒவ்வொரு நிறுவைக்கும் எத்தனை கிலோ என்று குறித்து, மாத முடிவில் சம்பளத் துண்டோடு சரிபார்க்க ஒரு செயலி செய்து கொடுத்தேன் என்று. அதை ஏன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள்? ஜாவா, பைதன் தெரியும் என்று எல்லாப் பிள்ளையும் எழுதும். சிக்னல் இல்லாத மலையில், எழுத்து வாசிக்கச் சிரமப்படும் ஒருவர் பாவிக்கிற மாதிரி ஒன்றைச் செய்த பிள்ளை எத்தனை பேர்? அதை முதல் பக்கத்தின் தலைக்குக் கொண்டு வாருங்கள். செயலியின் நிரலை, அதாவது கோட்டை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டு இணைப்பையும் கொடுங்கள்.

திறந்த மூல வேலை, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பதும், விபரக்கோவைக்குப் பலம்தான். கூகுள் 2005இல் தொடங்கிய ‘சம்மர் ஒஃப் கோட்’ திட்டத்தின் முதல் பத்து வருடத்தில், உலகிலேயே அதிக மாணவர்கள் பங்கெடுத்தது எங்கள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான். அதற்குக் கொழும்பில் அறை எடுக்கத் தேவையில்லை. ஹப்புத்தளையில் இருந்தே செய்யலாம், கொடுப்பனவும் உண்டு. கெம்பஸின் தொழில் வழிகாட்டல் பிரிவுக்கும் ஒருமுறை போய்ப் பேரைப் பதிந்து வையுங்கள்.

சரி, காசு எதற்கு வேண்டும்? கொழும்பில் கால் வைக்க வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பகிர்ந்த அறையில் போடிங் இருக்கும் பிள்ளைகளிடம் விசாரித்துப் போட்ட கணக்கு இது: அறைக்கு 15,000, சாப்பாட்டுக்கு 22,000, பஸ்ஸுக்கு 5,000, போனுக்கும் டேட்டாவுக்கும் 2,500. மாதம் 44,500. இதோடு அறைக்கு ஒரு மாத அட்வான்ஸ் 15,000. ஆறு மாதத்துக்கும் சேர்த்து 282,000 ரூபா. பயிற்சிக் கொடுப்பனவு மாத முடிவில்தான் கைக்கு வரும். அதனால் ஆறாம் மாதம் முடியுமுன் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து கொடுப்பனவு, 150,000. புலமைப்பரிசில் ஆறு மாதத்துக்கு 72,000. இடைவெளி 60,000.

உங்கள் கையில் 48,000 இருக்கிறது. குறைவது 12,000 மட்டும். இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே, மாதம் 1,500 ஒதுக்கினால் சரி. அம்மா எதையும் தொட வேண்டாம். முடிவில் ஆறாவது கொடுப்பனவும் அட்வான்ஸும் சேர்ந்து 45,000 உங்கள் கைக்கே திரும்பி வரும். அந்த 85,000ஐக் கட்டியிருந்தால், முதல் மாத வாடகைக்கே கடன் வாங்கியிருப்பீர்கள்.

ஆனால் பயிற்சிக் காலத்தில் புலமைப்பரிசிலை நிறுத்தினார்கள் என்றால் அந்த 72,000மும் இடைவெளியில் சேரும். அப்படியானால் கண்டியிலோ பதுளையிலோ இடம் தேடுவதையும் யோசிக்க வேண்டி வரும். அதனால்தான் அந்தக் கேள்விக்கு வாய்ப்பேச்சில் இல்லாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள் என்கிறேன்.

பயிற்சி முடிந்து அதே கம்பனி வேலை தந்தால், கையொப்பம் போடுமுன் இரண்டு இடத்தைப் பாருங்கள். இத்தனை வருடம் விலகக்கூடாது, விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பொண்ட் இருக்கிறதா? தகுதிகாண் காலத்துக்கு ஈ.பி.எஃப். இல்லை என்று எழுதியிருக்கிறதா? அப்படி எழுத அவர்களுக்கு உரிமை கிடையாது, முதல் நாளில் இருந்தே போட வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்த அந்த உரிமையை நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிதியத்துக்கு அந்த நாலு வரியை இந்தக் கிழமையே அனுப்புங்கள். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.