ஜெபிக்கும்போது மனம் வறண்டிருந்தால் விசுவாசத்தில் குறையா?

"தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறேன். ஆனாலும் உள்ளே நிறைவு இல்லை. என் விசுவாசத்தில் குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை இல்லை. எனக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லாததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வீட்டுப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் என்று தோன்றுகிறது. ஒருவேளை யாரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி, தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுத்து முடித்து வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் கண் சொக்கும். முழங்கால் போட்டால் வார்த்தையே வராது. அதற்கு முன்பெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் ஜெபித்தால் கண்ணீர் வழியும். அந்த மனசு எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஜெபக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். அப்புறம், "சிஸ்டர், அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், இல்லையென்றால் உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்றார்கள். பேச்சு போனாலும் என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நினைத்தால் இன்றும் எனக்குக் கொதிக்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றுதானே ஆண்டவர் சொன்னார்? யோவான் 9-ஆம் அதிகாரம் இவர்கள் வேதத்தில் இல்லையா?

உடனே, விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிற யாக்கோபு 5-ஐ எடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். சுகமளிக்கும் வரத்தை நான் மறுக்கவில்லை. நானும் எண்ணெய் பூசி ஜெபித்தவள்தான். சுகமாகாதவரைக் குற்றவாளியாக நிறுத்துவதைத்தான் தப்பு என்கிறேன்.

என்னைத் தாங்கியது எலியா தீர்க்கதரிசியின் கதை. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவரிடம் விசுவாசத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார், அவன் திரும்பவும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எனக்கு அப்படி வந்தது எங்கள் சங்கத்து அக்கா ஒருவர். கூட்டத்தில் எழுந்து ஜெபித்தே பார்த்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு தூக்குவாளியில் சாம்பாரோடு வந்து, "நீ போய்ப் படு, அண்ணாச்சிய நான் பாத்துக்கிடுதேன்" என்பார்கள். அந்தத் தூக்கம் எனக்கு ஜெபத்துக்குக் குறைவானதாக இருக்கவில்லை.

சொந்த வார்த்தை வராதபோது சங்கீதம் 13-ஐச் சொல்ல ஆரம்பித்தேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை என்று பாருங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். சோறு ஊட்டும்போது பாமாலையும் பாடுவேன். ஒரு வாக்கியம் பேச முடியாத மனிதர் பாட்டின் வரியைக் கூடவே தெளிவாகப் பாடினார். பேச்சுப் போன சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் விளக்கினார். எனக்கு அது போதுமாயிருந்தது.

பழைய கண்ணீர் ஜெபம் திரும்பி வரவில்லை. ஆனால் ஆண்டவர் எனக்குக் கொடுத்த வேலை இந்தக் கட்டிலண்டைதான் என்று தெளிவாயிற்று. நிறைவு என்று நான் சொல்வது அதைத்தான்.

எங்கள் மாவட்டத்து டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்தவர். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்கள்? அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவரும் உள்ளே இருட்டை உணர்ந்தார் என்று தெரியவந்தது. நான் கத்தோலிக்கப் பெண் இல்லை, ஆனாலும் அதை வாசித்து ஆறுதல் அடைந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆலயத்துக்குத் தரை முழுக்கக் கிரானைட் போட்டார்கள். வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டச் சொல்லி எத்தனை முறை கேட்டும் நடக்கவில்லை. நோயாளி வீட்டை எட்டிப் பார்க்க நேரமில்லாதவர்கள் சேகரத் தேர்தல், அதாவது சபை நிர்வாகிகளுக்கான தேர்தல், வந்ததும் இரண்டு அணியாக ஓட்டுக் கேட்டு வந்தார்கள். என் கணவர் இறந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருஷங்கள் ஆகியும் அந்தப் படி அப்படியேதான் இருக்கிறது.

சரி, உங்களுக்கு வருகிறேன். இப்போதைக்கு நீண்ட ஜெபத்துக்கு முயல வேண்டாம். ஒரு சங்கீதம், ஒரு கர்த்தருடைய ஜெபம், இவ்வளவு போதும். வீட்டில் நோயாளி இருந்தால் உங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும்) வீட்டுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது அவர்கள் ஊழியத்தில் சேர்ந்ததுதான். கட்டிலில் இருப்பவரோடு நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.